வீட்டில் உரசல், மனதில் விசுவாசம்

சித்தூர், திருப்பதிப் பக்கம் ஒரே வீட்டில் ஒருவர் தேவாலயத்துக்கும் மற்றவர்கள் திருமலைக்கும் போவதுண்டு. மாமியார் திருமலை லட்டை நீட்டினால் முகம் சுளிக்காதீர்கள். சாப்பிடுவதா வேண்டாமா என்பதை 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களைப் படித்து முன்பே தீர்மானித்திருங்கள். மறுப்பதானாலும் அன்பாக மறுக்கலாம். மனத்தாங்கலை ஊரெல்லாம் சொல்லாமல், மத்தேயு 18:15 சொல்வதுபோல் அவரிடமே தனியாகப் பேசுங்கள். பேச்சுக்குப் பொதுவான ஒன்றை, கம்பராமாயணம் போல, பிடித்துக்கொள்ளுங்கள்: வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற கவிஞர் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை கம்பனைக் கைவிடவில்லை. ஜெபிக்க இடமில்லையா? எல்லோரும் எழுமுன் பத்து நிமிடம் போதும். அடி, மிரட்டல் என்றால் மட்டும் பொறுத்துப் போகாதீர்கள். அதைச் சிலுவை சுமப்பது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெண்கள் உடனே 181-ஐ அழையுங்கள், ஆயரிடமும் சொல்லுங்கள்.