பைனாகுலரில் ஒன்று இரண்டாகத் தெரிந்தால்

பைனாகுலர் கீழே விழுந்தால் லென்ஸ் உடைந்ததா என்றுதான் முதலில் பார்ப்போம். பெரும்பாலும் உடைந்திருக்காது. உள்ளே பிரிசம் மயிரிழை நகர்ந்திருக்கும். அதன்பின் இரண்டு குழல்களும் ஒரே திசையை நோக்குவதில்லை.

என்னிடம் இருப்பது 10×50 போரோ வகை. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற பிரிசம் அமைப்பு கொண்டது. முன்பக்கம் அகன்ற பழைய வடிவம். வீட்டில் கை வைக்க ஏற்றது இந்த வகைதான். நேர்க்குழல் கொண்ட ரூஃப் பிரிசம் வகைகளில் நாம் திருகுவதற்கு வெளியே ஸ்குரூ இருப்பது அரிது.

இந்த வேலையில் நம்மை ஏமாற்றுவது நம் கண்களே. இரு பிம்பங்கள் சற்று விலகியிருந்தாலும் கண்கள் உள்நோக்கித் திரும்பி அவற்றை ஒன்றாக்கிவிடும். பிழை தெரியாது, தலைவலி மட்டும் வரும். ஆனால் ஒரு பிம்பம் மேலும் மற்றது கீழுமாக இருந்தால் கண்களால் அவ்வளவாக ஈடுகட்ட முடியாது. எனவே உயர வித்தியாசத்தைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

கண்ணின் சமாளிப்பை முறியடிக்க நான் நம்புவது நட்சத்திரச் சோதனை. பைனாகுலரை முக்காலியில் பொருத்தி, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நோக்குங்கள். இடப்பக்கம் கூர்மையாக இருக்கட்டும். வலக்கண் பக்கத்து வளையத்தைத் திருகி அங்கே நட்சத்திரத்தை மங்கலான வட்டமாக்குங்கள். புள்ளியையும் வட்டத்தையும் கண்ணால் ஒட்டவைக்க முடியாது. உண்மை நிலை தெரிந்துவிடும். புள்ளி வட்டத்தின் நடுவில் இருந்தால் நல்லது. பக்கவாட்டில் கொஞ்சம் விலகியிருந்தால் அது உங்கள் கண்ணின் இயல்பாகவும் இருக்கலாம், விட்டுவிடுங்கள். மேலோ கீழோ வட்டத்தைவிட்டு வெளியே நின்றால்தான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும். களைத்த கண்ணோடு இதைச் செய்யாதீர்கள். பகலில் தொலைவிலுள்ள செல்போன் கோபுரத்தின் குறுக்குக் கம்பிகள் உதவும். சூரியன் இருக்கும் பக்கமே திரும்பக் கூடாது.

பல போரோ மாடல்களில் ரப்பர் உறையின் ஓரத்தைக் கவனமாகத் தூக்கினால் குழலுக்கு இரண்டு சிறு ஸ்குரூக்கள் தெரியும். அவை பிரிசத்தைச் சாய்ப்பவை. தரமான பழைய ஐரோப்பிய மாடல்களில் இவற்றுக்குப் பதிலாக முன் லென்ஸைச் சுற்றி வளையங்கள் இருக்கும். அவற்றைப் பட்டறைக்கு விட்டுவிடுவதே நல்லது. திருகுமுன் ஒவ்வொரு ஸ்குரூவின் நிலையையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கால் சுற்றுகூட அதிகம். அரைக்கால் சுற்று திருகி, மறுபடி பாருங்கள். பிம்பம் நேராக மேலே போகாமல் சாய்வாக நகரும். அதனால் அதே குழலின் இரண்டு ஸ்குரூக்களையும் மாற்றி மாற்றித் திருகித்தான் உயரத்தைச் சமன்செய்ய முடியும். இறுக்கமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். அழுத்தினால் பிரிசத்தின் விளிம்பு சிதறும்.

தொடங்குமுன் பைனாகுலரை உங்கள் கண் இடைவெளிக்கு மடித்து வைத்துவிடுங்கள். வீட்டில் செய்யும் திருத்தம் அந்த ஒரு இடைவெளிக்கு மட்டுமே உறுதி. கண் இடைவெளி வேறுபட்ட ஒருவர் வாங்கிப் பார்த்தால் அவருக்கு இரண்டாகத் தெரியலாம். எந்த இடைவெளிக்கும் பொருந்தும்படி சீரமைக்க, அதற்கான கருவி உள்ள பட்டறை வேண்டும்.

ஆட்டினால் உள்ளே லொடலொடக்கும் பைனாகுலரை ஸ்குரூவால் திருத்த முடியாது. நைட்ரஜன் நிரப்பி, நீர் புகாதபடி மூடியதை வீட்டில் திறக்கவே வேண்டாம். இரண்டையும் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.