தள்ளாமைக்கும் ஒரு கணக்கு உண்டு

எமது ஆலயத்தில் முன்பு பூசை முடியும்வரை நின்று கும்பிட்ட அம்மாமார் பலர் இப்போது சுவரோரக் கதிரைகளில் இருந்து கும்பிடுகின்றனர். "வயது போனால் அப்படித்தான்" என்று நாமும் விட்டுவிடுகின்றோம். ஆனால் வயது வேறு, தள்ளாமை வேறு. எண்பத்தைந்திலும் திடமாக நடப்பவர் உண்டு. எழுபதில் ஒரு காய்ச்சலோடு படுத்துப் பழையபடி எழும்பாதவரும் உண்டு. உடலின் சேமிப்புக் கரைந்து, சிறு அதிர்ச்சியையும் தாங்கமாட்டாத நிலையே தள்ளாமை.

இங்கிலாந்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் இந்நிலையில் உள்ளவர்களைக் கண்டறியும் பொறுப்பு, 2017 இல் குடும்ப வைத்தியர்களின் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது. இதற்கு உதவும் கணனிக் குறியீடு ஒன்று 2016 இல் வெளிவந்தது. விழுதல், தலைச்சுற்று, மெலிவு, காது மந்தம், மறதி, அளவுக்கு மிஞ்சிய மருந்துகள் என 36 குறைகளை அது நோயாளியின் பதிவேட்டில் தேடுகிறது. ஒன்பது இருந்தால், 36 ஆல் வகுக்க 0.25. 0.12 வரை திடம், 0.24 வரை இலேசான தள்ளாமை, 0.36 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. இது ஓர் அறிகுறி மட்டுமே. நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டியவர் வைத்தியரே.

கணக்குத் தொழில் செய்யும் எமக்கு இம்முறை உடனே விளங்கியது. அதன் பலவீனமும் விளங்கியது. ஏட்டில் பதியாதது ஐந்தொகையில் வராது.

எமது தாயாரிடம் வைத்தியர், "கடந்த பன்னிரண்டு மாதத்தில் விழுந்ததுண்டா?" என்று கேட்டார். "விழேல்லைத் தம்பி, குளியலறையில சறுக்கினதுதான்" என்றார் தாயார். நாம் "இல்லை" என்று மொழிபெயர்த்தோம். பிழை எம்முடையது. இரண்டு முறை சறுக்கியதைப் பின்னர் பேரப்பிள்ளைதான் சொன்னது. மறுமுறை போய் உள்ளபடி கூறினோம். வைத்தியர் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இரத்த அழுத்தம் பார்த்து, ஒரு குளிசையை நிறுத்தினார்.

எமது வீடுகளில் இன்னொரு மறைப்பும் உண்டு. கடை, சமையல், உடுப்புத் தோய்த்தல் யாவும் மருமகளே செய்வதால், மாமியாரால் எது முடியவில்லை என்பதே தெரிவதில்லை. நான்கு மீற்றர் நடக்க ஐந்து வினாடிக்கு மேல் எடுக்கிறதா, முயலாமலே ஓர் ஆண்டில் பத்து இறாத்தல் குறைந்துள்ளதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்டதைத் தேதியுடன் எழுதிக் கொண்டுபோங்கள். பிள்ளைகள் முன்னிலையில் சொல்லக் கூசும் விடயங்களுக்கு, நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.