கண்வலிக்கிழங்கு: காசும் தரும், கவனமும் கேட்கும்



நம் பெரம்பலூர், அரியலூர் பக்கம் மழைக்காலத்தில் வேலியோரம் சிவப்பும் மஞ்சளுமாக, தீ எரிகிற மாதிரி ஒரு பூ பூக்குமே, பார்த்திருப்பீர்கள். அதுதான் செங்காந்தள், நம் மாநிலப் பூ. உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையால் கண்வலிக்கிழங்கு என்றும், கிழங்கு கலப்பை போல் இருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர்.

பயன் என்ன?

அந்தக் காலத்தில் பிரசவம் தாமதமானால் இந்தக் கிழங்கை அரைத்துத் தொப்புளிலும் உள்ளங்காலிலும் பூசுவார்கள். இப்போது அது வேண்டவே வேண்டாம். வலி வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி. இன்று இதன் விதைக்குத்தான் மதிப்பு. விதையில் உள்ள கோல்சிசின் என்ற பொருளிலிருந்து ஒருவகை மூட்டுவலிக்கு மருந்து செய்கிறார்கள்.

எப்படிப் பயிரிடுவது?

* தண்ணீர் தேங்காத செம்மண் நிலம் நல்லது.
* ஆடி, ஆவணியில் 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்கை நட வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ தேவைப்படும்.
* கொடி படர முள்கிளுவை அல்லது கம்பிப் பந்தல் வேண்டும்.
* இந்தப் பூவில் தானாக மகரந்தம் சேருவது குறைவு. காலை 8 மணி முதல் 11 மணிக்குள் கையால் தொட்டு வைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும்.
* 160 முதல் 180 நாளில் காய் பறிக்கலாம். விதையை நிழலில் காய வைக்க வேண்டும்.

கிழங்கு வாங்கும் செலவுதான் பெரிசு. விதை விலையும் வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும். எனவே யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு என்று விசாரிக்காமல் குழுக்கடன் எடுக்காதீர்கள். செலவைக் குறைக்கிறோம் என்று காட்டிலும் வேலியிலும் உள்ள கிழங்கைத் தோண்டவும் வேண்டாம். செடியே அழிந்துபோகும்.

இதை மறக்காதீர்கள்!

கிழங்கு, விதை எல்லாமே கடும் விஷம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வெற்றிலை போடாதீர்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டாதீர்கள். விதையைச் சமையல்கட்டில் வைக்காமல் பூட்டி வையுங்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், கைவைத்தியமும் பார்க்காமல், உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த குழுக்கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க, எல்லோரும் கேளுங்கள். படிக்கத் தெரியாத அக்காமார்களுக்கும் விஷயம் போய்ச் சேரட்டும். சந்தேகம் இருந்தால் கூட்டத்தில் எங்களிடம் கேளுங்கள்.