சூரை மீனும் சுண்டுவிரல் அளவுத் தண்டும்

சைக்கிள் நட்டு ஒன்றை, அளவு சற்றுப் பெரிதான ஸ்பானரால் திருகிப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் ஸ்பானர் பிடிப்பது போலத் தோன்றும். பலங்கொண்டு அழுத்தியதும் 'சரக்'கென்று வழுக்கும். நட்டின் ஆறு முனைகளும் மழுங்கிவிட்டிருக்கும். அதன் பிறகு சரியான ஸ்பானரைக் கொண்டுவந்தாலும் பயனில்லை. இந்த எளிய நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போவோம்.

கலிபோர்னியாவின் சான் டியேகோ துறைமுகத்திலிருந்து தூண்டில்காரர்கள் படகேறி, பல நாள் பயணமாக மெக்சிகோ நாட்டுக் கடற்பகுதிக்குச் செல்வது உண்டு. அவர்கள் தேடுவது மஞ்சள் துடுப்புச் சூரை. இது 90 கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய மீன். வலையில்லாமல் கைத்தூண்டிலில் அதைப் பிடிக்க வேண்டுமானால், தூண்டில் நரம்பைச் சுற்றி வைத்திருக்கும் ரீல் என்ற கருவிதான் எல்லாப் பாரத்தையும் தாங்க வேண்டும்.

பிலடெல்பியா நகரில் 1932-இல் ஆட்டோ ஹென்சே என்பவர் தொடங்கிய 'பென்' நிறுவனம், 1936-இல் 'செனட்டர்' என்ற பெயரில் ஒரு கடல் ரீலை வெளியிட்டது. அடிப்படை அமைப்பு அதிகம் மாறாமல் பல பத்தாண்டுகள் விற்பனையான கருவி இது. ஆகவே தாத்தா வாங்கிய செனட்டர் ரீல் இன்றும் பேரன் கையில் வேலை செய்வது உண்டு. அதன் சட்டமும் சுருளும் நன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளே சுண்டுவிரல் அளவில் இருக்கும் ஒரு குழல் தண்டு மட்டும் மழுங்கிப் போகும். அந்த ஒரு தண்டைத் துருப்பிடிக்காத எஃகில், அதாவது நம் வீட்டு எவர்சில்வரின் உறவுக்கார உலோகத்தில், புதிதாகக் கடைந்து தருவதையே சில சிறு பட்டறைகள் தொழிலாகக் கொண்டுள்ளன.

அந்தத் தண்டின் வேலை என்ன? கைப்பிடி அதன் மேல் நுனியில் பொருந்தியிருக்கிறது. தண்டு உருளை வடிவம்தான். ஆனால் இரு பக்கங்கள் மட்டும் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். கைப்பிடியின் துளையும் அதே வடிவம். தண்டின் நடுவில் பெரிய பற்சக்கரம் தளர்வாகச் செருகப்பட்டிருக்கும். பற்சக்கரத்தின் குழிக்குள் வாஷர்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. சில வாஷர்கள் தண்டோடு சேர்ந்து சுழலும், சில பற்சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். இவற்றின் இடையே உராய்வு வாஷர்கள் உண்டு. நட்சத்திர வடிவத் திருகை இறுக்கினால் அடுக்கு நெருங்கி உராய்வு கூடும், தளர்த்தினால் குறையும். தண்டின் அடியில் சாய்ந்த பற்களுடைய வட்டு ஒன்று இருக்கிறது. ஒரு சிறிய உலோக நாக்கு அதில் விழுந்து, தண்டைப் பின்னோக்கிச் சுழலவிடாமல் தடுக்கிறது.

மீன் வெறிகொண்டு இழுக்கும்போது சுருளும் பற்சக்கரமும் பின்னோக்கிச் சுழலும்; தண்டு அசையாது. வாஷர்கள் வழுக்கிக்கொண்டே மீனின் ஆற்றலை வெப்பமாக மாற்றும். நரம்பு அறுந்து போகாமல் காப்பது இந்த வழுக்கல்தான். வழக்கமாக, நரம்பு தாங்கும் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு இழுவையிலேயே வழுக்கும்படி திருகை அமைத்துக்கொள்வார்கள்.

பழைய ரீல்களில் உராய்வு வாஷர் தோலால் ஆனது. தண்டு பித்தளை வகையைச் சேர்ந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஏற்ற ஜோடி. பின்னர் கார்பன் இழை வாஷர்கள் வந்தன. சூடேறினாலும் அவை சீராகப் பிடிக்கும். 1990-களில் பாலிஎதிலீன் இழைகளைப் பின்னிய நூலும் பரவியது. மெல்லிய நூல், மிகுந்த பலம். தூண்டில்காரர் திருகை மேலும் மேலும் இறுக்கத் துணிந்தார். பாவம், தண்டு மட்டும் தாத்தா காலத்துத் தண்டாகவே இருந்தது!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூலின் இழுவை 100 நியூட்டன், அதாவது சுமார் 10 கிலோ எடைக்குச் சமம் என்று கொள்வோம். சுருளின் ஆரம் 3 செ.மீ. எனில், திருப்புத்திறன் 100 × 0.03 = 3 நியூட்டன் மீட்டர். கைப்பிடி ஒருமுறை சுற்றினால் சுருள் மூன்று முறை சுற்றும் என்று வைத்துக்கொண்டால், தண்டின் மேல் அது 9 நியூட்டன் மீட்டராகிறது. தண்டோ 1 செ.மீ. குறுக்களவு கொண்டது. கைப்பிடித் துளை தண்டின் எதிரெதிர் முனைகள் இரண்டில் அழுத்துகிறது. அவற்றின் இடைவெளி 9 மி.மீ. என்றால், ஒவ்வொரு முனையிலும் விசை 9 ÷ 0.009 = 1000 நியூட்டன். நூலில் 10 கிலோவாக இருந்த பாரம், தண்டின் முனையில் 100 கிலோவாகிவிட்டது!

கைப்பிடியின் தடிமன் 3 மி.மீ., அழுத்தும் பட்டையின் அகலம் 1 மி.மீ. என்றால் பரப்பு 3 ச.மி.மீ. ஆகவே ஒவ்வொரு ச.மி.மீ.க்கும் சுமார் 330 நியூட்டன். பித்தளை எவ்வளவு தாங்கும்? மென்மையான நிலையில் சுமார் 125, ஓரளவு கடினமாக்கப்பட்ட நிலையில் சுமார் 310. அதற்கு மேல் போனால் நிலையாக உருமாறிவிடும். மீன் படகருகே வரும் நேரத்தில் கைப்பிடி மட்டும் சும்மா சுற்றுகிறது என்று தூண்டில்காரர்கள் புலம்புவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? துளை சற்றே தளர்வாக இருந்தால் அழுத்தும் பட்டை இன்னும் குறுகும். ஸ்பானர் கதைதான்.

அப்படியானால் எவர்சில்வரில் செய்துவிட்டால் போதுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாத்திரங்களுக்குப் பெயர்பெற்ற 304 வகை எஃகில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. அதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்தது 316 வகை; கடல் உப்பு ஏற்படுத்தும் புள்ளி அரிப்பை அது நன்றாகவே எதிர்க்கும். ஆனால் பதப்படுத்தி மென்மையாக்கிய நிலையில் இவ்விரண்டும் நிலையாக உருமாறத் தொடங்கும் அளவு, ச.மி.மீ.க்கு 200 நியூட்டனுக்குச் சற்று மேல்தான். கடினப் பித்தளையை விடவும் குறைவு! துருப்பிடிக்காதது வேறு, வலிமையானது வேறு.

ஆகவே நல்ல பட்டறைக்காரர் நாடுவது 17-4 பி.எச். என்ற வகையை. 17 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல், அதோடு ஏறத்தாழ 4 சதவீதம் செம்பு சேர்ந்தது இது. செம்பு எதற்கு? கடைந்து முடித்த தண்டை உலையில் 482 டிகிரி செல்சியசில் ஒரு மணி நேரம் வைத்தால், செம்பு மிக நுண்ணிய துகள்களாக எஃகுக்குள் பிரிந்து நிற்கும். படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதை அத்துகள்கள் மறிக்கின்றன. இப்போது அது தாங்கும் அளவு சுமார் 1170 நியூட்டன். பித்தளையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த வெப்பத்தில் தண்டு பத்தாயிரத்தில் நான்கைந்து பங்கு சுருங்கும். 10 மி.மீ. தண்டில் அது 0.005 மி.மீ. அளவே. தேர்ந்த கடைசல்காரர் அதையும் கணக்கில் வைத்தே கடைகிறார்.

துருப்பிடிக்காத எஃகைக் கடைவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. குறிப்பாக 304, 316 வகைகள், மழுங்கிய உளி பட்டுத் தேய்ந்தால் அந்த இடத்திலேயே கடினமாகிவிடும். அடுத்த வெட்டு இன்னும் சிரமம். உளி கூராக இருக்க வேண்டும், வெட்டு ஆழமாகவும் நிற்காமலும் செல்ல வேண்டும், குளிர்விக்கும் திரவம் தாராளமாகப் பாய வேண்டும். தண்டின் நடுவே நீளத் துளையிட்டு, ரீமரால் மட்டமாக்கி, வெளியே மரை வெட்டி, பக்கங்களைச் சீவி, அடிவட்டில் பற்களை அமைக்க வேண்டும். ஒன்றே ஒன்று செய்தால் கூலி கட்டாது. எனவே ஒரே அளவில் பலவற்றைச் சேர்த்துச் செய்கிறார்கள். கடைசியாக நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் முக்கி, உளியிலிருந்து ஒட்டிய இரும்புத் துகள்களை நீக்குவார்கள். குரோமிய ஆக்சைடு படலம் குறையின்றி உருவாக இது தேவை.

எஃகைப் போட்டதும் புதிய தொல்லைகளும் வரும். எவர்சில்வர் மேல் எவர்சில்வர் அழுத்தி உராய்ந்தால் படலம் கிழிந்து, இரு பரப்புகளும் ஒட்டிக்கொண்டு இறுகிவிடும். அதனால் நட்சத்திரத் திருகின் மரையைப் பித்தளையாகவே விட்டுவைப்பது நல்லது. தண்டு சுழலும் அச்சுக்குக் கிரீஸ் தடவாமல் இருக்கவே கூடாது. அலுமினியச் சட்டத்தை எஃகு தொடும் இடத்தில் கடல்நீர் புகுந்தால், அது ஒரு மின்கலம் போலாகி அலுமினியம் அரிக்கப்படும். அங்கும் கிரீஸ்தான் காவல்.

இன்னொன்று. தண்டு மழுங்காவிட்டால் பாரம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடும். அது தடுப்பு நாக்காக இருக்கலாம், சிறிய பற்சக்கரத்தின் பல்லாக இருக்கலாம். மலிவான தண்டு மழுங்கினால் அதை மாற்றலாம். நாக்கு உடைந்தால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரலை உடைத்துவிடும். எனவே நாக்கை மாற்றாமல் தண்டை மட்டும் மாற்றிவிட்டுத் திருகை இறுக்குவது, என் கருத்தில், அரைகுறை வேலை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு எவர்சில்வர் டம்ளரின் அடிப்பகுதி நடுவில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பிறகு வளைந்த விளிம்பிலும், உயரமான பக்கச் சுவரிலும் வைத்துப் பாருங்கள். 304 போன்ற வகையானால் நடுவில் ஒட்டாது. அழுத்தி இழுத்து உருமாற்றிய இடங்களில் லேசாக ஈர்ப்பு தெரியும். உருமாற்றத்தால் அங்கே படிக அமைப்பு மாறிவிட்டது, கடினமும் கூடியிருக்கும். எங்கும் பலமாக ஒட்டினால் அது நிக்கல் இல்லாத வேறு வகையாக இருக்கலாம்.

ஒரு கணக்கும் தருகிறேன். மீன் நூலை இழுத்துச் சென்று, சுருளின் ஆரம் 3 செ.மீ.யிலிருந்து 1.5 செ.மீ. ஆகிவிட்டது. நட்சத்திரத் திருகை யாரும் தொடவில்லை. இப்போது நூலில் எத்தனை நியூட்டன் இழுவை இருந்தால் வாஷர்கள் வழுக்கும்? தண்டின் மேல் விழும் திருப்புத்திறன் மாறியதா?