தயிர்ப் பாளம்: கோடைக்கு ஒரு செய்முறைப் பாடம்

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் இல்லங்களில் பிள்ளைகள் எழுப்பும் முதற்குரல் பனிக்கூழுக்கானது. அதற்குக் ‘கூடாது’ என்ற ஒரே சொல்லில் விடை கூறிவிடுதல் எளிது. 37 ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நாமும் அந்த எளிய வழியைத்தான் நெடுங்காலம் பின்பற்றி வந்தோம். அது போதாது என்பதை நமக்கு உணர்த்தியவள் எட்டு வயதுப் பேத்தி.

சென்ற கோடையில் ஒரு நாள், வகுப்புத் தோழியின் பிறந்தநாள் விழாவுக்குச் சென்றிருந்தாள். அங்கே குளிர வைத்த இனிப்பு ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி எல்லோருக்கும் வழங்கினார்களாம். அதில் என்ன சேர்ந்துள்ளது என்று கேட்டிருக்கிறாள், சொல்ல ஒருவருமில்லை. வேண்டாமென்று கூறி, வெறும் தட்டோடு ஓர் ஓரத்தில் அமர்ந்துவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, “ஆயா, கொல்லக் கூடாதுன்னு சொன்னீங்க, சரி. ஆனா நமக்கு மட்டும் ஏன் எல்லாமே கூடாது?” என்று கேட்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருக்கலாம். கேள்வியாகக் கேட்டுவிட்டபடியால் விடை தேட வேண்டியதாயிற்று.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்கு முதலில் கற்பித்த நெறி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. இரண்டாவது, சொல்லித் தருவதைவிடச் செய்யவைத்துத் தருக என்பது. பேத்திக்குத் தெரிந்தது தயிர், தெரிந்தது மாம்பழம். இவ்விரண்டையும் கொண்டு, முட்டையும் ஜெலட்டினும் தேனும் இன்றி, பால் காய்ச்சுவது நீங்கலாக அடுப்பின் உதவியும் இன்றி, ஒரு குளிர் இனிப்பைச் செய்ய முனைந்தோம். பாளம் பாளமாக உடைத்து உண்ணுவதால் ‘தயிர்ப் பாளம்’ என்று அவளே பெயரிட்டாள்.

செய்முறைக்கு முன்பு, விலக்குவது எதை, ஏன் என்பதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாக்க வேண்டும். ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோலையும் எலும்பையும் வேகவைத்துப் பிரித்தெடுப்பது. அடுப்பில் வைக்காமல் உறைய வைக்கும் பல இனிப்புகள் குலையாமல் நிற்பதற்கு இதுவே காரணம். கார்மைன் என்னும் சிவப்புச் சாயம் ஒருவகைப் பூச்சியை உலர்த்தி எடுப்பது. பழத் தயிர் வகைகள் சிலவற்றில் நிறத்துக்காகச் சேர்க்கப்படுவதுண்டு. உறையில் பச்சை வட்டக் குறி இருந்தால் போதுமென்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அக்குறி ஜெலட்டினையும் முட்டையையும் விலக்கிக் காட்டும் என்பது உண்மையே. ஆனால் நம் நாட்டு உணவுச் சட்டத்தின் வரையறை, பாலைப் போலவே தேனையும் அசைவத்தில் சேர்ப்பதில்லை. ஆகவே பச்சைக் குறியுள்ள பொருளிலும் தேன் இருக்கலாம். கள், ஊன், தேன் மூன்றையும் ஒருங்கே விலக்கும் நாம், குறியைப் பார்த்த பின்பும் உறையின் பின்புறத்துச் சிற்றெழுத்துகளைப் படித்தாக வேண்டும். பேத்திக்கு இப்போது அது ஒரு விளையாட்டாகிவிட்டது. கண்ணாடி அணிந்தும் நமக்குத் தெரியாத எழுத்துகளை அவள் உரக்கப் படிக்கிறாள்.

இனி, நாம் முதலில் செய்த பிழையைக் கூறிவிடுகிறோம். வீட்டுத் தயிரை அப்படியே எடுத்து, சர்க்கரையை ஒரு கரண்டி மட்டும் கலந்து, பழத்தைப் போட்டு, ஆழமான கிண்ணத்தில் ஊற்றி உறைபெட்டிக்குள் வைத்தோம். மறுநாள் அது செங்கல்லாகி இருந்தது. கத்தி வளைந்ததே தவிரத் தயிர் விள்ளவில்லை. வாயிலிட்டால் பனிக்கட்டிச் சில்லுகள் நறநறத்தன. தயிரின் சுவை எங்கோ ஒளிந்திருந்தது. “ஆயா, இது இனிப்பா, கருங்கல்லா?” என்ற பேத்தியின் வினாவைத்தான் அடுத்த பாடத்தின் தலைப்பாகக் கொண்டோம்.

கருங்கல்லானது ஏன்? தயிரின் பெரும்பகுதி நீர். நீர் உறையும்போது படிகங்களாகிறது. மெல்ல உறைந்தால் படிகங்கள் பெருத்து வளரும். விரைந்து உறைந்தால் சிறுத்து நிற்கும். ஆழமான கிண்ணத்தின் நடுப்பகுதிக்குக் குளிர் சென்று சேர நெடுநேரம் ஆகும். அதற்குள் படிகங்கள் நாவில் உறுத்தும் அளவுக்கு வளர்ந்துவிடும். அடுத்தது சர்க்கரை. சர்க்கரை கரைந்த நீர் பூச்சியம் பாகையில் உறைவதில்லை. அதற்கும் கீழே செல்ல வேண்டும். உறைபெட்டிக்குள்ளும் இனிப்பு நீரில் ஒரு பகுதி உறையாமல் இடையிடையே தங்கி நிற்பதால்தான் பாளம் பல்லுக்கு இணங்குகிறது. எனவே சர்க்கரை சுவைக்காக மட்டும் அன்று; மென்மைக்காகவும் வேண்டும். மூன்றாவது கொழுப்பு. ஆடை நீக்கிய பாலின் தயிர் கரகரப்பாகவே உறையும். சிக்கனம் கருதி நீர்த்த பாலை வாங்குவோர் இந்த இனிப்பை மேற்கொள்ளாமல் மோராக்கிப் பருகுவது நலம்.

இந்த மூன்றையும் உணர்ந்தபின் செய்முறை தானே அமைந்துவிட்டது.

நிறைகொழுப்புப் பால் ஒரு லிட்டரைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றுக. மாலை 5 மணிக்குத் தோய்த்தால் காலையில் கெட்டித் தயிர் கிடைக்கும். காலை 7 மணிக்கு, துவைத்து உலர்ந்த மல் துணியில் தயிரைக் கொட்டி முடிந்து, ஒரு பாத்திரத்தின் மேல் மூன்று மணி நேரம் தொங்கவிடுக. கத்திரி வெயிலில் வெளியே தொங்கினால் புளித்துவிடும். வடிதட்டில் வைத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடலாம். குசராத்தியரும் மராட்டியரும் ஸ்ரீகண்ட் செய்வதற்குத் தயிரை வடிப்பதும் இம்முறையில்தான். ஏறத்தாழப் பாதி எடை நீராக வடிந்து, அரைக் கிலோ அளவுக்கு வெண்ணெய் போன்ற கட்டித் தயிர் துணியில் நிற்கும்.

வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். கோதுமை மாவு பிசைய அது மிகவும் ஏற்றது. பருப்பு வகைகளோடும் கடலை மாவோடும் காய்ச்சாத தயிரையோ அதன் நீரையோ சேர்ப்பது துவிதளம் என்று விலக்கப்பட்டிருப்பதை மட்டும் நினைவில் கொள்க.

கட்டித் தயிர் அரைக் கிலோவுக்குப் பொடித்த சர்க்கரை 100 கிராம். சற்றுப் புளித்திருந்தால் 125 கிராம். கலந்ததும் சுவைத்துப் பார்த்தால் இனிப்பு ஒரு படி மிகையாகத் தோன்ற வேண்டும். குளிர்ந்த பண்டத்தின் இனிப்பை நாக்கு குறைத்தே உணரும். நாட்டுச் சர்க்கரை சேர்த்தால் நிறம் மங்கும். மணம் நன்றாக இருக்கும். ஏலப்பொடி இரண்டு சிட்டிகை. வெதுவெதுப்பான பாலில் ஊறிய குங்குமப்பூ இருந்தால் சேர்க்கலாம். இல்லையென்று வருந்த வேண்டாம். மத்தால் வேகமாகக் கடையாமல், மரக்கரண்டியால் கட்டியின்றிக் குழைத்தாலே போதும்.

பழம் 200 கிராம். இங்கேதான் ஆராய்ச்சி தேவைப்படுகிறது. பங்கனப்பள்ளி மாம்பழம் முதலிடம் பெறும். கொட்டையருகே வண்டு துளைத்த கறை உண்டா என்று அறுத்துப் பார்த்த பின்பே துண்டாக்குக. சப்போட்டா நன்றாகப் பொருந்தும். பண்ருட்டிப் பலாச்சுளையைப் பொடியாக அரிந்து சேர்த்தபோது வீடே மணந்தது. வாழைப்பழம் கறுத்துவிடும், எலுமிச்சைச் சாற்றில் புரட்டியெடுத்தால் ஓரளவு நிறம் நிற்கும். தர்ப்பூசணியும் சாத்துக்குடியும் நீர்ப் பழங்கள். பனிக்கட்டித் துண்டுகளாகவே மாறிவிடும். அன்னாசியிலும் பப்பாளியிலும் பாலின் புரதத்தைச் சிதைக்கும் நொதிப்பொருள்கள் உள்ளன. பச்சையாகச் சேர்த்துச் சிறிது நேரம் வைத்தாலே தயிர் கசந்து நீர்த்துவிடும். அன்னாசிதான் வேண்டுமென்றால் சர்க்கரையோடு சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய பின் சேர்க்கலாம். சூட்டில் அந்நொதி செயலிழந்துவிடும். அத்திப்பழத்தை நாம் விலக்குவது யாவரும் அறிந்ததே; அயல்நாட்டுச் செய்முறை நூல்களில் தயிரோடு அத்தியும் தேனும் அடிக்கடி வரும் என்பதால் எச்சரிக்கைக்காகக் கூறினோம். திராட்சை சேர்ப்போர் விதையற்றதை எடுத்து, நீளவாட்டில் நான்காகக் கீறிப் போடுக. முழுத் திராட்சை உறைந்தால் கோலிக்குண்டு போலாகும். சிறு குழந்தையின் தொண்டையில் சிக்கினால் பேராபத்து. இதனை விளையாட்டாகக் கருத வேண்டாம்.

ஒன்பது அங்குல விட்டமுள்ள இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்துக்கொள்க. ஈரமின்றித் துடைத்த வாழையிலையையோ வெண்ணெய்த் தாளையோ அவற்றில் விரித்து, தயிரைச் சுண்டுவிரல் தடிமனுக்குப் பரப்புக. அதற்கு மேல் தடித்தால் முன்பு கூறிய கருங்கல் கதைதான். பழத்துண்டுகளைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கி மேலே பதித்து, உடைத்த முந்திரியும் பிஸ்தாவும் தூவுக. இந்தப் பதிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிட வேண்டும். பேத்தி ஒரு தட்டில் மாந்துண்டுகளால் சுவத்திகம் அமைத்தாள். மற்றொன்றில் தன் பெயரை எழுதத் தொடங்கி, இடம் போதாமல் பாதியில் நிறுத்தினாள்.

முற்பகல் 11 மணிக்குள் உறைபெட்டியில் வைத்துவிட்டால் பிற்பகல் 3 மணிக்குப் பாளம் தயார். கதவை அடிக்கடி திறந்து பார்க்கும் கைகளை மட்டும் தடுக்க வேண்டும். இலையோடு தூக்கி, கைகளால் உடைத்து, உடனே பரிமாறுக. கால் மணி நேரம் வெளியே நின்றால் தளர்ந்துவிடும். தளர்ந்ததை மீண்டும் உறைய வைத்தால் படிகங்கள் பெருத்துச் சுவை கெடும். உறைவதால் தயிரின் நுண்ணுயிர்கள் எல்லாம் அழிந்துவிடுவதில்லை. பெரும்பாலும் செயலற்று இருந்து, தளர்ந்ததும் மீண்டும் புளிக்கச் செய்யும்.

இந்த நேரக் கணக்கை வேண்டுமென்றே அமைத்துள்ளோம். மாலையில் தோய்த்த தயிர், மறுநாள் மாலை 4 மணிக்குள் உண்டு தீர்ந்துவிடுகிறது. தயிருக்குரிய கால எல்லையாக எட்டுச் சாமத்தை நம் இல்லத்தில் கொண்டிருக்கிறோம், அது கடக்கவில்லை. கதிரவன் மறையுமுன் உண்ணும் ஒழுக்கத்துக்கும் குறைவில்லை. வேறு கணக்கைக் கொண்ட குடும்பத்தார் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். உறைபெட்டியில் இருப்பதால் எல்லை நீண்டுவிடும் என்று வாரக்கணக்கில் சேர்த்துவைக்கும் பழக்கம் நமக்கு உடன்பாடன்று.

இனி, வாசகர் சிலர் மனத்தில் இந்நேரம் எழுந்திருக்கக்கூடிய ஐயத்துக்கு வருகிறோம். விலக்கத்தக்க பொருள்களுள் ஆலங்கட்டியையும் பனிக்கட்டியையும் எண்ணும் மரபு நம்மிடையே உண்டு. அவ்வாறாயின் உறைந்த தயிர் தகுமா? இதை மறைத்துவிட்டுச் செய்முறையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. விரதம் ஏற்றோர்க்கு இப்பண்டம் உரியதன்று. அட்டமி, சதுர்த்தசி நாள்களில் இதைச் செய்வதுமில்லை. கடையிலிருந்து எதையும் வாங்கித் தின்னும் வயதில், வாங்குகிற பண்டத்தில் ஊன்பொருள் உண்டோ என்று அறியாமல் தடுமாறும் பிள்ளைகளுக்கு, ஒரு படி கீழே நின்று கை கொடுப்பதாகவே இதனை நாம் கருதுகிறோம். மேற்படியில் நிற்போர் கீழிறங்க வேண்டியதில்லை. இது நம் தனிப்பட்ட முடிவு. மாற்றுக் கருத்துடைய பெரியோர் இருப்பார்கள்.

அத்தகைய பெரியோர் ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கிறார். எண்பதைக் கடந்த நம் தமக்கையார் பல ஆண்டுகளாகப் பனிக்கட்டி தொடாதவர். பாளத்தைப் பேத்தி நீட்டியதும், “எனக்கு வேணாம்டா கண்ணு” என்று மறுத்தார். அவள் முகம் வாடியது. தன் கையால் செய்த பண்டத்தையும் ஒருவர் கூடாதென்கிறாரே என்ற வாட்டம் அது. தமக்கையார் அவளை அருகில் அமர்த்தி, தாம் எந்த வயதில் எதை எதை விட்டார் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். “எல்லாத்தையும் ஒரே நாள்ல விடலடா. ஒண்ணு ஒண்ணா, நானேதான் விட்டேன். யாரும் பிடுங்கல” என்றார். நாம் ஒரு பருவம் முழுதும் பாடம் நடத்தியிருந்தாலும் இதைப் புரியவைத்திருக்க மாட்டோம்.

அடுத்த முறை செய்தபோது, தட்டில் பரப்புமுன் பேத்தி ஒரு சிறு கிண்ணத்தை எடுத்து வந்தாள். சர்க்கரையும் ஏலமும் கலந்த தயிரில் நான்கு கரண்டி அதில் வைத்து, மேலே மாந்துண்டுகளைப் பரப்பி மூடினாள். “இது பெரிய ஆயாவுக்கு. இத உள்ள வைக்கக் கூடாது” என்றாள். உறையாத அந்தக் கிண்ணத்தைத்தான் தமக்கையார் பகலுணவோடு உண்டார். நாமும் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தோம். உண்மையைச் சொல்லுவதானால், பாளத்தைவிட அதுவே நன்றாக இருந்தது.