மரத்தூள் மணக்கும் நாவல்கள்

கேள்வி: அப்பா தச்சர். பட்டறை மரத்தூளில் விளையாடி வளர்ந்தவன் நான். அந்த உலகம் வரும் வெளிநாட்டு நாவல்களைச் சொல்லுங்களேன்?

பதில்: முதலில் ஸ்டெந்தாலின் 'சிவப்பும் கறுப்பும்' (1830) படியுங்கள். நாயகன் ஜூலியன் சோரெல் ஒரு மர அறுவை மில்காரரின் மகன். ரம்பத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன், மேலே உத்தரத்தில் உட்கார்ந்து நெப்போலியனைப் பற்றிய புத்தகத்தில் மூழ்கியிருப்பான். எழுதப் படிக்கத் தெரியாத தகப்பன் விட்ட அடியில் புத்தகம் ஓடையில் போய் விழும். வலியைவிட அந்தப் புத்தகம் போனதற்குத்தான் அவன் கண் கலங்கும். வாசிப்பின் பசியை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன காட்சிகள் மிகக் குறைவு.

அடுத்தது ஜார்ஜ் எலியட்டின் 'ஆடம் பீட்' (1859). இளமையில் தச்சராக இருந்தவரின் மகள் எழுதியது. முதல் அத்தியாயமே தச்சுப் பட்டறைதான். மணி ஆறு அடித்ததும் மற்றவர்கள் கருவிகளைப் போட்டுவிட்டுக் கிளம்ப, ஆடமுக்குக் கோபம் வரும். தொழிலை நேசிப்பவரின் கோபம் அது. உங்கள் அப்பாவுக்கு உடனே புரியும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் கார்லோ கொலோடியின் 'பினோக்கியோ'வை (1883) முழு வடிவில் வாசித்துக் காட்டுங்கள். இழைப்புளி ஓட ஓட, கூசுகிறது என்று மரக்கட்டை சிரிக்கும்.