பிறர் எழுதும் கருத்துரையும், தேடலில் நமக்குக் கிடைக்கும் இடமும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாயினும், மஞ்சளோ வாழையோ விளைவிப்போர் சங்கமாயினும், தன் சரக்கை அறிவிக்கும்பொருட்டு இணையத்தில் ஒரு பக்கம் வைத்துக்கொள்வது இப்பொழுது வழக்கமாகி வருகிறது. பக்கம் வைத்த சில மாதங்களுக்குள் நிர்வாகக் குழுவின் முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. தொலைவூரில் இருக்கும் ஒருவர் ஜமக்காளம் என்று எழுதித் தேடுகிறார். இடைத்தரகர் கடைகள் முன்வரிசையில் வருகின்றன. தறியிலிருந்து நேரே சரக்கை எடுத்துத் தரும் சங்கமோ எங்கோ அடியில் கிடக்கிறது. இதற்கு என்ன செய்வது?

இக்கேள்வி எழுந்த சில நாட்களில் தரகர் ஒருவர் வந்து சேர்கிறார். "உங்கள் பக்கத்தின் முகவரியைப் பிறர் பக்கங்களின் அடியிலும் சமூக ஊடகங்களிலும் ஆயிரம் கருத்துரைகளாக எழுதித் தருகிறோம், கூகுளில் முதலிடம் நிச்சயம்" என்கிறார். அவர் கேட்கும் தொகை அங்கத்தினர்களின் பணத்திலிருந்து போகவேண்டியது. ஆகவே, பிறர் எழுதும் கருத்துரை தேடலில் நம் இடத்தை உண்மையில் எவ்விதம் பாதிக்கிறது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியம். இம்மாதப் பாடம் அதைப்பற்றியதே.

முதலில் தேடுபொறி எவ்வாறு தரம் பிரிக்கிறது என்று பார்ப்போம். 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மாணவர்களான லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் 'பேஜ்ரேங்க்' என்னும் முறையை வெளியிட்டார்கள். அதன் உட்பொருள் நமக்குப் புதியதன்று. ஜாமீன் பேரில் சங்கம் கடன் கொடுக்கும்போது யாரைக் கவனிக்கிறோம்? கடன் கேட்பவர் தம்மைப்பற்றிச் சொல்வதை மட்டுமா? ஜாமீன் போடுகிறவர் யார், அவருக்கு ஊரில் உள்ள மதிப்பு என்ன, அவர் ஏற்கெனவே எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பனவற்றையும் பார்க்கிறோம். பேஜ்ரேங்க் செய்வதும் இதுவே. ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குப் போடப்படும் இணைப்பு ஒரு ஜாமீன் கையெழுத்துப் போன்றது. மதிப்புள்ள பக்கம் கொடுக்கும் இணைப்புக்கு எடை அதிகம். ஒரே பக்கம் இருநூறு பேருக்கு இணைப்புக் கொடுத்தால், அதன் எடை இருநூறாகப் பங்கிடப்படும். கூகுள் இன்று பார்க்கும் குறிகள் பலவாயினும், இவ்வடிப்படை முற்றிலும் மறைந்துவிடவில்லை.

இம்முறை வந்ததும் அதனை ஏமாற்றும் வழியும் உடன் வந்தது. பிறருடைய பக்கத்தின் அடியில் வாசகர் கருத்து எழுத இடம் இருக்குமல்லவா? அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம். "நல்ல கட்டுரை, நன்றி" என்று ஒரு வரி எழுதித் தன் கடையின் முகவரியைக் கீழே ஒட்டிவிட்டால், அப்பக்கமே கடைக்கு ஜாமீன் போட்டதுபோல் ஆகிவிடும். ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பெரியவர் கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்வது போன்ற காரியம் இது. மாத்திரை விற்போரும் சூதாட்டக் கடை நடத்துவோரும் இவ்வாறு இலட்சக்கணக்கில் எழுதிக் குவித்தனர். இதனை எழுதுவதற்கென்றே கணினி நிரல்கள் செய்யப்பட்டன.

இதனைத் தடுக்க 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்.எஸ்.என். ஆகிய மூன்று நிறுவனங்களும் 'நோஃபாலோ' என்னும் குறியை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தன. "இவ்விணைப்பு வாசகர் எழுதியது, இதற்கு நான் ஜாமீன் இல்லை" என்று பக்கத்தின் உரிமையாளர் தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. கருத்துரைப் பகுதிகளை அமைத்துத் தரும் மென்பொருள்கள் பல இக்குறியைத் தாமே இட்டுவிடலாயின. பெரிய சமூக ஊடகங்களில் பயனர் எழுதும் இணைப்புகளிலும் பெரும்பாலும் இக்குறி உண்டு. 2019 செப்டம்பரில் கூகுள் மேலும் இரண்டு குறிகளைச் சேர்த்தது. பணம் கொடுத்துப் பெற்ற இணைப்புக்கு 'ஸ்பான்சர்டு'. பயனர் எழுதியதற்கு 'யு.ஜி.சி.' (நம் நாட்டில் அம்மூன்றெழுத்தைக் கேட்டதும் பல்கலைக்கழக மானியக் குழு நினைவுக்கு வரும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அப்போதிருந்து இக்குறிகளைக் கட்டளையாகக் கொள்ளாமல் யோசனையாகவே கொள்வதாகக் கூகுள் கூறுகிறது. அதாவது, குறியிட்ட இணைப்பையும் தான் விரும்பினால் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அங்ஙனம் எடுத்துக்கொள்ளும் என்று நம்பிப் பணம் செலவழிப்பதற்கு இதில் இடமில்லை.

தரகர் சொன்ன ஆயிரம் கருத்துரைகளின் கதி என்ன என்பது இப்பொழுது விளங்கும். அவற்றுள் மிகப்பெரும்பாலானவை எடையற்றவை. எடையற்றுப் போவதோடு நின்றாலும் நஷ்டம் அவருக்குக் கொடுத்த தொகை மட்டுமே. ஆனால் 2012 ஏப்ரல் 24-ஆம் நாள் கூகுள் 'பெங்குயின்' என்னும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. விலைக்கு வாங்கிய இணைப்புகளாலும், செயற்கையாக நட்ட இணைப்புகளாலும் மேலேறிய தளங்கள் அதனால் கீழே தள்ளப்பட்டன. பல வியாபாரிகள் தாம் காசு கொடுத்துப் போடச்செய்த இணைப்புகளை நீக்கும்படி ஊர் ஊராகக் கடிதம் எழுத நேர்ந்தது. நீக்க முடியாத இணைப்புகளைக் கைவிடுவதாகத் தெரிவிக்கும் வசதியைக் கூகுள் அவ்வாண்டு அக்டோபரில் ஏற்படுத்தியது. பிற்காலத்தில் இம்முறை தளத்தைத் தண்டிப்பதைவிட அத்தகைய இணைப்பின் எடையை அழிப்பதாக மாற்றப்பட்டது. எனினும், கையால் விதிக்கப்படும் தண்டனை இன்றும் உண்டு.

நிற்க. ஒருவரை இகழ்ந்து எழுதும் கருத்துரையும் அவரைத் தேடலில் உயர்த்துமா? விசித்திரமாகத் தோன்றும் இக்கேள்விக்கு ஒரு மெய்யான வழக்கு உண்டு.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்து ஒருவர் இணையத்தில் மூக்குக்கண்ணாடி விற்று வந்தார். தவறான சரக்கு அனுப்புவது, பணத்தைத் திருப்பித் தர மறுப்பது, கேட்ட வாடிக்கையாளரை மிரட்டுவது ஆகியன அவரது வழக்கம். ஏமாந்தவர்கள் புகார்த் தளங்களில் ஏராளமாக எழுதினார்கள். 2010 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அவரைப் பேட்டி கண்டு ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. அதில் அவர் வருந்தவில்லை, பெருமைப்பட்டார். திட்டுகிறவர்கள் எழுத எழுதத் தம் கடை கூகுளில் மேலே வருகிறதென்றும், திட்டு வாங்குவதே தமக்கு விளம்பரம் என்றும் சொன்னார். புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று தேடுபொறி பார்ப்பதில்லை, பேச்சு எவ்வளவு என்றே பார்க்கிறது என்பது அவர் எண்ணம்.

சில தினங்களில், டிசம்பர் 1-ஆம் நாள், கூகுள் பதில் அளித்தது. அப்பதிலில் நாம் கவனிக்கற்பாலவை சில உண்டு. புகார்த் தளங்களின் இணைப்புகளில் பல 'நோஃபாலோ' குறி பெற்றவை. ஆகையால் அவற்றால் அவருக்குப் பெரும் பயன் விளைந்திருக்க முடியாது என்று அந்நிறுவனம் விளக்கியது. மாறாக, மதிப்புள்ள செய்தித் தளங்கள் அவரைக் கண்டித்து எழுதியபோது குறியின்றிக் கொடுத்த இணைப்புகள் எடையுள்ளவையாக இருந்தன. பாருங்கள், திட்டியவர் எளியவரானால் பயனில்லை, திட்டியவர் பெரியவரானால் ஜாமீன் ஆகிவிடுகிறது! இகழ்ச்சி மிகுந்த பக்கங்களையெல்லாம் கீழே தள்ளிவிடலாமே என்றால், அதனையும் கூகுள் யோசித்து விட்டுவிட்டது. அப்படிச் செய்தால், பலர் குறைகூறும் அரசியல் தலைவர் ஒருவரைப்பற்றித் தேடினாலும் ஒன்றும் கிடைக்காமற் போகும் என்பது அது கூறிய காரணம். முடிவில், வாடிக்கையாளருக்கு மிக மோசமான அனுபவம் தரும் வியாபாரிகள் சில நூறு பேரைக் கண்டு கீழிறக்கும் ஒரு கணிப்பு முறையைச் சேர்த்தது. அதன் உட்கூறுகளை வெளியிடவில்லை. அந்த வியாபாரியோ அம்மாதமே கைது செய்யப்பட்டு, மோசடியும் மிரட்டலும் செய்த குற்றத்துக்காக 2012-இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஆகவே, "நல்லதோ கெட்டதோ, பேசினால் சரி" என்று சில விளம்பரக்காரர் கூறுவதை நாம் ஏற்றுக்கொள்ளலாகாது. அவ்வோட்டை 2010-இலேயே அடைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

முகநூலில் விருப்பக் குறி பெருகினால் தேடலில் இடம் உயருமா என்பதும் அடிக்கடி கேட்கப்படுவது. 2014 ஜனவரியில், அப்போது கூகுளில் பணியாற்றிய மாட் கட்ஸ் என்பவர் இதற்கு நேரடியாக விடை கூறினார். முகநூல், ட்விட்டர் பக்கங்களை மற்றப் பக்கங்களைப் போலவே கருதுவதாகவும், பின்தொடர்வோர் எண்ணிக்கையையோ விருப்பக் குறிகளையோ தரவரிசைக்குத் தனியாகக் கணக்கிடுவதில்லை என்றும் அவர் தெரிவித்தார். எனினும் சமூக ஊடகம் வீண் என்று முடிவு செய்துவிடக்கூடாது. அங்கே நம் ஜமக்காளத்தின் படத்தைப் பார்த்த ஒரு பத்திரிகையாளரோ, கைத்தறி பயிலும் மாணவியோ தம் பக்கத்தில் நம்மைப்பற்றி எழுதி இணைப்புத் தந்தால், அதுவே மெய்யான ஜாமீன். விதை விழுந்த இடம் வேறு, முளைத்த இடம் வேறு.

இனி, நம் பக்கத்தின் அடியில் பிறர் எழுதுவதைப் பார்ப்போம். அச்சொற்கள் நம் பக்கத்தின் பகுதியாகவே தேடுபொறியால் படிக்கப்படுகின்றன. இதில் இலாபம் உண்டு. நாம் "இயற்கைச் சாயமிட்ட பருத்தி விரிப்பு" என்று எழுதியிருப்போம். வாங்க வருகிறவரோ "ஜமக்காளம் துவைத்தால் சாயம் போகுமா?" என்றே கேட்பார். அவர் கேள்வியும் அதற்கு நாம் எழுதும் பதிலும் பக்கத்தில் இருந்தால், அதே சொற்களால் தேடும் அடுத்த மனிதருக்கு நம் பக்கம் அகப்படும் வாய்ப்பு மிகுதி. நாம் யோசித்து எழுதும் விளம்பர வாசகத்தைவிட வாடிக்கையாளரின் பேச்சு வழக்கு பயன் தருவது இங்குதான். நஷ்டமும் உண்டு. ஆறு மாதம் யாரும் பாராமல் விட்ட கருத்துரைப் பகுதியில் சூதாட்ட விளம்பரம் நிரம்பியிருந்தால், பக்கத்தின் தரமே தாழ்ந்ததாகக் கருதப்படும். களையெடுக்காத வயலுக்கு உரம் போட்டுப் பிரயோஜனம் என்ன?

கருத்துரைப் பகுதியை வேறொரு நிறுவனத்தின் பெட்டியாக வாங்கிப் பக்கத்தில் ஒட்டுவோரும் உண்டு. இது சுலபமே. ஆயின், அவ்வாறு ஒட்டப்படும் சொற்கள் பக்கத்தினுள் இராமல் வெளியிலிருந்து வருவன. அவற்றுள் சிலவற்றைப் படிக்கும் திறனைக் கூகுளின் உலாவி 2011-இல் தான் பெற்றது. இன்றும் எல்லாம் படிக்கப்படும் என்ற உறுதி இல்லை. பெட்டி வந்து சேரும்வரை பக்கம் தாமதிக்கும். கைப்பேசித் தேடலில் பக்கத்தின் வேகத்தையும் கூகுள் 2018 ஜூலை முதல் ஒரு குறியாகக் கொள்கிறது. இவையெல்லாம் சிறு குறைகள். பெருங்குறை, உடைமை நம்முடையதன்று என்பதே. கூகுள் தானே நடத்திய கூகுள் பிளஸ் என்னும் சமூக ஊடகத்தின் கருத்துரைகளைப் பலர் தம் பக்கங்களில் அமைத்திருந்தனர். 2019 ஏப்ரல் 2-ஆம் நாள் பொதுமக்களுக்கான அச்சேவை மூடப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அக்கருத்துரைகளும் அழிக்கப்பட்டன. வாடகைக் கிடங்கில் நெல் வைத்தவர் நிலை இதுவே.

வரைபடத்தில் தோன்றும் விற்பனை நிலையத்தின் விஷயம் சற்று வேறானது. ஊருக்கு அருகே தேடுவோருக்குக் கடைகளைக் காட்டும்போது பொருத்தம், தூரம், பிரபலம் என மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் கூறுகிறது. பிரபலத்தைக் கணிப்பதில் விமர்சனங்களின் எண்ணிக்கையும் நட்சத்திர மதிப்பும் சேரும் என்று வெளிப்படையாகவே தெரிவித்திருக்கிறது. ஆதலால் இங்கே பிறர் கருத்து நேரடியாகவே நம் இடத்தைத் தொடுகிறது. சங்க ஊழியர்களையும் உறவினர்களையும் விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லும் ஆசை இதனால் எழக்கூடும். அது விதிக்கு விரோதம். தள்ளுபடி தந்து விமர்சனம் பெறுவதும் அவ்வாறே. இணைய விமர்சனங்களை எங்ஙனம் பெற்று வெளியிடவேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்னும் தர நெறியை வெளியிட்டுள்ளது. நம் பக்கத்தில் நாமே நமக்கு நட்சத்திரம் இட்டுக்கொண்டால், 2019 செப்டம்பர் முதல் கூகுள் அதனைத் தேடல் முடிவில் காட்டுவதில்லை. எண்ணி வாங்கிய பொய்ப் புகழைவிட, விற்பனைச் சீட்டோடு "தங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள்" என்று எல்லோரிடமும் ஒரே விதமாகக் கேட்பது போதும்.

இனி நிர்வாகக் குழு செய்யவேண்டியதைச் சொல்வோம். தரகருக்குப் பணம் கொடுத்தல் வேண்டா. கருத்துரைகளை வெளியிடுமுன் படித்துப் பார்க்க ஓர் ஊழியரை நியமித்து, வாரத்தில் இரு நாள் அதற்கென ஒதுக்குக. வாசகர் எழுதும் இணைப்புகளுக்கு 'யு.ஜி.சி.' குறி தானே விழும்படி பக்கத்தை அமைத்தவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்க. அந்நிய விளம்பரங்களை நீக்குக. ஆனால் மெய்யான குறையை எழுதியவரின் கருத்துரையை நீக்கலாகாது. "இரண்டாம் தடவை துவைத்ததும் சிவப்புச் சாயம் வெள்ளைக் கரையில் ஏறிவிட்டது" என்று ஒருவர் எழுதினால், அதன் கீழேயே சங்கத்தின் பெயரால் பதில் எழுதுக: எந்த மாதம் வாங்கியது, சீட்டு எண் யாது என்று கேட்டு, மாற்றித் தரும் வழியைத் தெரிவிக்கவும். பின்னர் அக்கருத்துரையைப் படியெடுத்துச் சாயப்பட்டறைப் பொறுப்பாளரிடம் கொடுத்து, எந்தத் தொட்டிச் சரக்கு என்று பார்க்கச் சொல்லவும்.